கோவாண்டா, ஸ்கோவ் பெயரில் ஓர் ஓடை

நெப்ராஸ்கா மாநிலக் கருவூலத்தின் நிலவறையில், ஒரு காப்பித்தூள் டின்னுக்குள், முக்கால் மைல் நீளமுள்ள ஓடை ஒன்று பதினாறு வருஷம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. டின்னின் மேல் ஒட்டியிருந்த துண்டுத் தாளில் கோவாண்டா, ஸ்கோவ் என்று இரண்டு பெயர்கள். இந்தப் பக்கம் யாரோ மறந்துவிட்டுப் போன முத்துமாலை, அந்தப் பக்கம் ஒரு பல்செட், எதிர்த் தட்டில் எவரோ போரில் வாங்கிய பதக்கங்கள். வங்கிப் பெட்டகங்களில் உரியவர் வந்து எடுக்காமல் போன பொருள்கள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் அறை அது. மாநிலம் அவற்றுக்குச் சொந்தக்காரன் அல்ல, காவல்காரன்தான். எத்தனை தலைமுறை கழித்து வாரிசு வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஓடைக்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது.

ஓடை டின்னுக்குள் போனதற்கு நீதிமன்றத்தின் மேல் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இருந்த மரியாதையே காரணம். ஆர்லெட் ஊருக்கு வடக்கே, மணல் குன்றுகளுக்கு நடுவில், கோவாண்டா பண்ணையும் ஸ்கோவ் பண்ணையும் ஒட்டினாற்போல் கிடக்கின்றன. இரண்டுக்கும் எல்லை அந்த ஓடை. வடக்கு மூலையில் ஊற்றாகப் பிறந்து, தெற்கு மூலையில் மணலுக்குள் இறங்கி மறைந்துவிடும். வேறு யார் நிலத்தையும் அது தொட்டதில்லை. கிழக்குக் கரை கோவாண்டாவுக்கு, மேற்குக் கரை ஸ்கோவுக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷத்து வெள்ளத்தில் ஓடை கொஞ்சம் மேற்கே நகர்ந்து படுத்துக்கொண்டது. எல்லையும் கூடவே நகர்ந்துவிட்டது என்றார் வென்சல் கோவாண்டா. ஓடை நகரலாம், எல்லை நகராது என்றார் ஆக்சல் ஸ்கோவ். வழக்கு ஒரு வருஷம் நடந்தது. இரண்டு பேரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன நீதிபதி, நீங்கள் ஒத்துப்போகும்வரை ஓடையை இரண்டு பேர் பெயரிலும் வங்கியில் போட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அவர் மனதில் நினைத்தது ஓடைக்கரைப் புல்லில் வரும் வருமானத்தை. வாயில் வந்தது ஓடை. நீதிபதி சொன்னதற்கு இன்னதுதான் அர்த்தம் என்று தாமாக முடிவுசெய்துகொள்ளும் ஆட்கள் இல்லை இவர்கள்.

அந்த நவம்பரில், கடைசிப் புல்லறுப்பு முடிந்ததும், வென்சல் கிழக்குக் கரையிலும் ஆக்சல் மேற்குக் கரையிலும் நின்றுகொண்டு தெற்கிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவு வந்த இடத்தில் மட்டும் ஒருவர் நின்று மற்றவர் சுற்றி வரும்வரை காத்திருந்தார். கரையோரத்து மரம், கல், வேலிக் கம்பு எல்லாம் ஓடையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஊற்றுக்கண்ணை ஒரு சோளச் சக்கையால் அடைத்து, எல்லாவற்றையும் ஒரு காப்பித்தூள் டின்னில் வைத்தார்கள். ஓடை என்பது பெரும்பாலும் ஓட்டம்தானே, ஓட்டத்தை எடுத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். டின் மூடி சிரமமில்லாமல் மூடிக்கொண்டது. ஆர்லெட் உழவர் வங்கியில் ஒரு பெட்டகத்தை எடுத்து, வாடகையில் பாதி நான், பாதி நீ என்று வங்கிக்காரர் மூலமாகப் பேசி முடித்தார்கள். வசந்தம் வந்தால் அந்த ஆள் இறங்கி வந்துவிடுவான் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். வசந்தம் மட்டும்தான் வந்தது, அதுவும் வருஷா வருஷம்.

அப்போது எட்டு வயதாயிருந்த வென்சலின் மகள் ஸ்டாசியா அந்தப் பண்ணையிலேயே வளர்ந்தாள், ஒருவனைக் கட்டினாள், அவனைப் புதைத்தாள், அறுபத்து நான்கு வயதுவரை மாடுகளோடு அங்கேயே இருந்தாள். ஆக்சலின் மகன் ஹார்லன் அவளுக்கு ஆறு வயது மூத்தவர். அவரும் பக்கத்திலேயே கிழவரானார். இத்தனை காலத்தில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் மண் ரோட்டில் வண்டிகள் எதிரெதிரே வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைப்பதை ஒருநாளும் விட்டதில்லை. பகை என்பதற்காக விரலைத் தூக்காமல் போவது எங்கள் ஊரில் அசிங்கம். ஸ்டாசியாவின் கணவன் செத்தபோது வாசல்படியில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் கறியும் இருந்தது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த டேப்பில் ஸ்கோவ் என்ற பெயர். அவள் அதைத் தின்று, பாத்திரத்தைக் கழுவி, அவர் வாசல்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வந்தாள். ஹார்லனின் மனைவி போனபோது இதே ஊர்வலம் எதிர்த் திசையில் நடந்தது.

பேச்சு இல்லாததால்தான் பெட்டகம் கைவிட்டுப் போயிற்று. அப்பன்மார் இரண்டு பேரும் போய்ச்சேர்ந்த பிறகு, வாடகையை ஹார்லன் கட்டுகிறார் என்று ஸ்டாசியா நினைத்தாள், ஸ்டாசியா கட்டுகிறாள் என்று ஹார்லன் நினைத்தார். கேட்டுக்கொள்ள வழியில்லை, விரலைத் தூக்கி இதையெல்லாம் கேட்க முடியாது. வங்கி கடிதம் போட்டது. கடிதத்தில் மற்றவர் பெயரும் இருந்ததால் இரண்டு பேரும் மடித்து அடுப்பில் போட்டார்கள். சட்டம் சொன்ன வருஷங்கள் ஆனதும் வங்கி பெட்டகத்தைத் துளைபோட்டுத் திறந்து, டின்னை மாநிலத் தலைநகரான லிங்கனுக்கு அனுப்பி வைத்தது.

தலைநகரில் அதை முதலில் கண்டுகொண்டவை கொக்குகள். ஒவ்வொரு மார்ச்சிலும் வடக்கே போகும் சாம்பல் கொக்குகள் பிளாட் ஆற்றில் இறங்கித் தங்குவதுதான் வழக்கம். டின் வந்த அடுத்த வசந்தத்தில், அவற்றில் ஒரு கூட்டம் கிழக்கே திரும்பி, கருவூலத்தின் கார் நிறுத்துமிடத்தில் வந்து இறங்கி, கார்களுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றது. மறு வருஷமும் வந்தது. ஊழியர்கள் அந்த ஒரு வாரம் காரை வேறிடத்தில் நிறுத்திக்கொள்ளப் பழகினார்கள். ஏப்ரலில் நிலவறையில் தவளை கத்தியது. பக்கத்துத் தட்டில் இருந்த தபால்தலை ஆல்பங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்த யோலண்டா ரூயிஸ் என்ற பெண் கடைசியில் மூடியைத் திறந்து சோளச் சக்கையை ஒரு நூலளவு நகர்த்திப் பார்த்தாள், முழங்கை வரை நனைந்தாள், உள்ளே இருப்பவற்றைப் பார்த்து ஒழுங்காகக் குறித்துக்கொண்டாள். பொருளை உரியவர் கையில் கொடுக்கும்போது தன் நெஞ்சு படபடக்கிறது என்பதற்காகவே அந்த வேலையில் இருந்தவள் அவள். ஆனால் தட்டில் இடமில்லை. பணம் என்றால் காலாகாலத்துக்கும் வைத்திருக்கலாம். பொருளை ஒரு கட்டத்தில் ஏலம் விட்டு, வந்த தொகையை உரியவர் பெயரில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு கோடையில் ஓடையின் முறை வந்தது. கிழக்கே ஒரு கோல்ப் மைதான முதலாளி, ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் விரித்தால் பொருத்தமாயிருக்கும் என்று கணினியில் விலை கேட்டுவைத்தார்.

அந்தக் கோடையில்தான் வானம் எங்களைக் கைவிட்டது. மே மாதத்தோடு மழை நின்றது. ஜூலையில் புல் பொரிந்துபோய்க் காலடியில் நொறுங்கியது. ஆகஸ்ட்டில் ஸ்டாசியாவின் காற்றாடிப் பம்பு சுற்றியது, ஆனால் காற்றைத்தான் கக்கியது. மாடுகள் தொட்டியைச் சுற்றி நின்று அவளையே பார்த்தன. அவளுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஒவ்வொன்றின் தாயையும் தாயின் தாயையும் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை மாட்டுச் சந்தைக்கு ஏற்றிப்போக லாரிக்குச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, தொழுவத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை காலையில் ஆர்லெட் காப்பிக்கடைக்குப் போனபோது, சீட்டாட்ட மேசையிலிருந்த ஆண்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். கருவூலம் வருஷத்துக்கு ஒரு முறை, யார் யாருக்கு என்ன பாக்கி கிடக்கிறது என்று மாவட்டவாரியாகப் பெயர்களைப் பத்திரிகையில் போடும். அக்கம்பக்கத்தாரின் மறதியைப் படித்துச் சிரிக்க எங்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

"ஸ்டாசியா, உனக்கும் ஸ்கோவுக்கும் ஒண்ணா ஒரு சொத்து இருக்காமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் தீவனக்கடை மெர்ல்.

"அது மார்ச் மாசத்துப் பேப்பரு. அஞ்சு மாசமா அதைத்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டிருக்கியா?"

"கல்யாணச் சாப்பாடு எப்பன்னு தெரிஞ்சா வயித்தைக் காயப் போடலாம்னு பார்த்தேன்."

"எல்லாம் ஏமாத்து வேலை மெர்ல். அரசாங்கம் சும்மா கூப்பிட்டு எதையாவது கொடுக்குமா? போனா நம்ம பேங்கு நம்பரைக் கேப்பான்."

"கருவூலத்துக்காரங்க கிராண்ட் ஐலண்டு ஊரு கண்காட்சியில ஸ்டால் போட்டிருக்காங்க. என் மச்சினி போன வாரம் போயி அவ மாமியாரோட மோதிரத்தை வாங்கிட்டு வந்தா. காப்பித்தூள் டின் ஒண்ணு கண்ணாடிப் பெட்டியில இருந்துச்சாம். தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சாம்."

ஸ்டாசியா கையிலிருந்த காப்பியைக் குடிக்காமல் வைத்தாள். அப்பா சாகும்வரை அந்த டின்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருந்தார், ஸ்கோவ்களுக்கு மட்டும் அது போய்விடக் கூடாது என்று. அவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. இருந்த உடுப்போடு பிக்கப்பைக் கிளப்பி மூன்று மணிநேரம் தெற்கே ஓட்டினாள். வழியெல்லாம் சோளம் நின்ற நிலையிலேயே காய்ந்து கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எதிரே வந்த ஒரு வண்டிக்கு விரலைத் தூக்க மறந்தாள்.

கண்காட்சியில் கூட்டம் நெரிந்தது. ஒரு பக்கம் பன்றி ஓட்டப் பந்தயம், ஒரு பக்கம் வெண்ணெயில் செய்த பசு, எங்கு பார்த்தாலும் குச்சியில் செருகி எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்றைக் கடித்துக்கொண்டு போகும் ஜனம். கருவூலத்தின் ஸ்டால் டிராக்டர்களுக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் டின் இருந்தது. கண்ணாடி வேர்த்திருந்தது, நிழலுக்கு ஒதுங்கியவர்கள்போல நாலைந்து குழந்தைகள் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏலம் நான்கு மணிக்கு முடிகிறது என்று மேலே ஒரு அட்டை தொங்கியது. மணி மூன்றரை தாண்டியிருந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். வெயிலில் செங்கல் நிறமாகிப்போன அந்தப் பிடரியை அவளுக்கு ஐம்பத்தாறு வருஷமாகத் தெரியும்.

ஹார்லன் ஸ்கோவ் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கமிருந்த யோலண்டாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, டின்னைத் திறக்கிறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு உரிமை கேக்கறவங்க சொல்லணும். அதுதான் விதி. உங்க கரையில என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க. நான் பார்த்து எழுதி வெச்சிருக்கேன், பொருந்துதான்னு சொல்றேன்" என்றாள் யோலண்டா.

ஹார்லன் நேரம் எடுத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் சமவெளியில் வளர்ந்தவர்கள், ஒரு வாக்கியம் தூரத்திலிருந்து வந்து சேர வேண்டும். பிறகு சொன்னார். காட்டுப் பிளம் புதர் ஒன்று, ஏப்ரலில் வெள்ளையாக வெடிக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு வேலிக் கம்பு, மேலே கவிழ்த்துப் போட்ட பழைய பூட்ஸ், உள்ளே சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கும். சரிவில் மாடு இறங்கி இறங்கித் தேய்ந்த தடம். தடத்தின் முடிவில் கவிழ்த்த பால் பெட்டிமேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, தாயில்லாத கன்றுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் அந்தக் கன்றோடு ஓயாமல் பேசுவாள். தண்ணீர் சத்தத்தில் என்ன பேசுகிறாள் என்று கேட்காது. ஒரு பக்கத்துச் சடை எப்போதும் அவிழ்ந்தே இருக்கும்.

பின்னால் நின்ற ஸ்டாசியா ஓர் அடி முன்னால் நகர்ந்தாள். அந்தக் கன்றின் பெயர் அவளுக்கு நினைவிருந்தது. பிளம் புதர் இருந்தது என்பதையே மறந்திருந்தாள். தன் நிலத்தை இன்னொருவர் வாயால் கேட்கையில் இனித்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, தன்னைவிட நன்றாக இந்த மனுஷன் அதை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று.

யோலண்டா தன் குறிப்பைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்து, பிறகு வாடியது.

"எல்லாம் அப்படியே இருக்குங்க ஐயா. ஆனா இது கிழக்குக் கரை. நீங்க மேற்குக் கரைன்னு சொன்னீங்க. உங்க பக்கத்தைச் சொல்லுங்க."

ஹார்லன் யோசித்தார். மறுபடி யோசித்தார்.

"என் பக்கம் நான்தான் உக்காந்திருந்தேன். பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்."

"ஏதாவது ஒண்ணு. ஒரு மரம், ஒரு கல்லு."

"முதுகுக்குப் பின்னாடி இருந்ததை எப்படிம்மா சொல்றது?"

வரிசையில் பின்னால் சேர்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹார்லன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் ஸ்டாசியாவைக் கண்டார். கையில் ஸ்டியரிங் இல்லை, ஆனாலும் ஆள்காட்டி விரல் தானாக ஒரு முறை மேலே எழுந்தது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு டிராக்டர்கள் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"நான் கோவாண்டா. கிழக்குக் கரை எங்களுது" என்றாள் ஸ்டாசியா.

"அப்படின்னா அம்மா, அவர் சொன்னதே உங்களுக்குச் சாட்சி. பக்கத்து நிலத்துக்காரர் சொல்ற சாட்சி செல்லும். கூட்டு உரிமையில ஒருத்தர் நிரூபிச்சு இன்னொருத்தரால முடியலைன்னா, முழுப் பொருளும் நிரூபிச்சவங்களுக்குத்தான். நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா ஏலத்தை நிறுத்திடலாம்" என்று யோலண்டா பேனாவை நீட்டினாள்.

பேனா ஸ்டாசியாவின் கைக்கு வந்தது. இதைத்தான் அப்பா விரும்பியிருந்தார். ஓடை முழுவதும் கோவாண்டாவுக்கு, அதுவும் ஒரு ஸ்கோவின் வாயாலேயே. மாடுகள் திங்கட்கிழமை லாரி ஏற வேண்டாம். கையெழுத்து ஒன்று, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு எவராயிருந்தாலும் போட்டிருப்பார்கள், நான் உட்பட. ஆனால் பிளம் புதர் என்ற சொல் அவளுக்குள் எதையோ திறந்துவிட்டிருந்தது. பேனாவைப் பிடித்தபடி அவள் பார்த்தது மேசையை அல்ல, தண்ணீருக்கு அந்தப் பக்கத்தை.

"அங்க ஒரு வில்லோ மரம் இருந்துச்சு. பாதி வேரு காத்துல தொங்கிக்கிட்டு, இதோ விழுந்துடுவேன், இதோ விழுந்துடுவேன்னு நிக்கும், விழாது" என்றாள் அவள், யாரிடம் என்று தெரியாமல்.

டிராக்டர் அருகே பூட்ஸ் சத்தம் நின்றது.

"அதுக்குக் கீழ தட்டையா ஒரு பாறை. அதுல ஆமை வெயில் காயும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி. அதுக்கு மேல வளைக்கரடி தோண்டின ஒரு பொந்து. அந்தப் பாறையில ஒரு பையன் சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு மீன் பிடிப்பான். ஒரு மீன்கூடப் பிடிச்சதில்லை. ஒரு நாள் தொப்பி தண்ணியில விழுந்து என் பக்கம் வந்துச்சு. நான் குச்சியால எடுத்துத் தூக்கிப் போட்டேன். தேங்க்ஸ்கூடச் சொல்லலை."

"சொன்னேன்" என்றார் ஹார்லன், திரும்பி வந்தபடி. "தண்ணி சத்தத்துல உனக்குக் கேக்கலை."

ஐம்பத்தாறு வருஷத்தில் கோவாண்டா வீட்டிடம் ஸ்கோவ் வீடு பேசிய முதல் பேச்சு அதுதான். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கையிலிருந்த இலவங்கப்பட்டை ரொட்டியைக் கீழே போட்டுவிட்டாள். யோலண்டா குறிப்பில் விரலை ஓட்டினாள். வில்லோ இருந்தது, பாறை இருந்தது, ஆமைகள் இருந்தன, பொந்து இருந்தது.

"இது மேற்குக் கரைக்குச் சாட்சி" என்றாள் அவள். "அம்மா, யோசிச்சுக்குங்க. இதை நான் எழுதிட்டா அப்புறம் நீங்க மட்டும் தனியா எடுத்துக்கிட்டுப் போக முடியாது."

"எழுதும்மா. ஒத்தக் கரை ஓடையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எதிர்த்தாப்புல பார்க்க ஒண்ணும் இருக்காதே."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமும் சாட்டமுமாக நடந்தது. கணினி மெதுவாக யோசித்தது. கோல்ப் முதலாளியின் விலை திரையில் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் பன்றிகள் ஓடின, பன்றிகளுக்காகக் கூவ வந்த கூட்டம் விஷயம் கேள்விப்பட்டு இந்தப் பக்கம் திரும்பி, கோவாண்டாவுக்கும் ஸ்கோவுக்கும் கைதட்டியது. ஸ்டாசியா போட்டாள், ஹார்லன் போட்டார், யோலண்டா இரண்டு கையெழுத்தையும் ஊதிக் காயவைத்துப் பொத்தானை அழுத்தினாள். திரையில் இருந்த விலை மறைந்து, உரியவரிடம் சேர்ந்தது என்று வந்தது. யோலண்டா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் எழுந்து, அடுத்தது யாருங்க என்றாள்.

டின்னை யார் வண்டியில் வைப்பது என்று வாசலில் ஒரு சின்ன மல்லுக்கட்டு. கடைசியில் ஹார்லன் தன் வண்டியைக் கண்காட்சி மைதானத்திலேயே விட்டுவிட்டு ஸ்டாசியாவின் பிக்கப்பில் ஏறினார். நடு இருக்கையில் டின், அதற்கு பெல்ட். மூன்று மணிநேரமும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஒருமுறை அவர், "அந்தக் கன்னுக்குட்டி பொழைச்சுதா?" என்று கேட்டார். "இப்ப என்கிட்ட இருக்கற மாடெல்லாம் அதோட பேரன் பேத்திதான்" என்றாள் அவள். மேட்டு ரோட்டில் வண்டி குலுங்கியபோது மூடியை முட்டிக்கொண்டு சோளச் சக்கை லேசாக எழும்பியது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை வைத்து அழுத்தினார்கள்.

வடக்கு மூலையில், காய்ந்த பள்ளத்தில், அவள் கிழக்கே நிற்க அவர் மேற்கே நின்று சக்கையைப் பிடுங்கினார்கள். மாநிலம் பொருளைக் கொடுத்தால் வாங்கிய நிலையிலேயே கொடுக்கும், வட்டி கிடையாது. ஓடை சுருட்டப்பட்டது ஐம்பத்தாறாம் வருஷத்து நவம்பரில். ஆகவே அந்த ஆகஸ்ட் மாலையில், நிழலே நூறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஓரங்களில் கண்ணாடிப் பனிக்கட்டியோடும் மஞ்சள் இலைகளோடும் அது உருண்டு பிரிந்து தெற்கே ஓடியது. வளைவுகளில் கொஞ்சம் தயங்கி, அடையாளம் கண்டு, திரும்பியது. வில்லோ எழுந்து பாதி வேரைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டது. வேலிக் கம்பின்மேல் பூட்ஸ் வந்தது. குளிர் காற்று இரண்டு பண்ணைமேலும் வீசியது. மாடுகள் ஓடி வந்தன, வயதானவைகூட வாலைத் தூக்கிக்கொண்டு வந்தன. இரண்டு கரையிலும் முழங்கால் ஆழத்தில் நின்று குடித்தன, பனிக்கட்டியைக் கடித்தன. ஸ்டாசியா பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்கி நின்று, கூச்சமில்லாமல் சத்தம் போட்டுச் சிரித்தாள். அக்கரையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் தோய்த்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

லாரிக்காரனுக்குச் சொல்லி அனுப்பினார்கள், வேண்டாம் என்று. மெர்லுக்குக் கல்யாணச் சாப்பாடு கிடைக்கவில்லை, அவர் இன்றுவரை அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரி மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, நீர்வசதி உண்டு என்று எழுதி இரண்டு பண்ணைக்கும் வரியை ஏற்றினார். அடுத்த மார்ச்சில் கொக்குகள் தலைநகரைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஊழியர்கள் தங்கள் இடத்திலேயே காரை நிறுத்தினார்கள். ஓடை விட்ட இடத்திலிருந்து தன் வருஷங்களை வரிசையாக ஓடிக் கழிக்கிறது, எங்கள் மாதத்தோடு அதற்கு ஒட்டு உறவில்லை. இப்போது அறுபதுகளின் நடுவில் எங்கோ இருக்கிறது. ஜூலையில் உறைந்தால் ஆர்லெட் ஜனம் வந்து ஐஸ்கிரீமுக்கு வெட்டிக்கொண்டு போகும். டிசம்பரில் வெதுவெதுப்பாயிருந்தால் பிள்ளைகள் மேல்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நீந்துவார்கள். எல்லை எங்கே ஓடுகிறது என்று யாரும் மறுபடி அளக்கவில்லை.

சாயங்காலங்களில் ஸ்டாசியா தன் கரையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொள்கிறாள், ஹார்லன் தன் பாறையில் உட்கார்ந்து எதையும் பிடிக்காமல் மீன் பிடிக்கிறார். அந்தப் பக்கம் வந்து உட்காரச் சொல்லி ஒருவரை ஒருவர் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? தண்ணீர் சத்தத்தில் கேட்க வேண்டும் என்பதற்காக அவள் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்துவாள்.

"ஹார்லன், என் பக்கம் என்ன பூத்திருக்கு?"

அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, நேரம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

"பிளம்மு. முக்காவாசி வந்துடுச்சு. உன் சடை அவுந்திருக்கு."